வீட்டையும் பார்த்துக்கொண்டு குரூப் 4-க்குப் படிக்க 26 குறிப்புகள்

பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். நேர்முகத் தேர்வு கிடையாது. ஒரே ஒரு எழுத்துத் தேர்வு. அதனால்தான் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 என்றதும், கல்யாணம், குழந்தை என்று ஆனபின் படிப்பை மூட்டை கட்டி வைத்த பெண்களுக்கும் ‘நாமும் எழுதிப் பார்த்தால் என்ன?’ என்று தோன்றுகிறது. விண்ணப்பிப்பது எளிது. அதற்குப் பிறகுதான் பாடு. காலையில் டிபன், மதியம் துணி, மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், இரவில் பாத்திரம் என்று நாள் ஓடிவிடும். வாங்கி வைத்த கைடு வைத்த இடத்திலேயே தூசி படிந்து கிடக்கும்.

இதில் குறை பெரும்பாலும் அறிவிலோ ஆர்வத்திலோ இல்லை. வீட்டில் எல்லாருடைய வேலைக்கும் நேரமும் இடமும் இருக்கின்றன. அம்மாவின் படிப்புக்கு மட்டும் யாரும் ஒதுக்கவில்லை. அதை எப்படி ஒதுக்குவது என்பதற்கே இந்தக் குறிப்புகள். வேறு தேர்வு, தையல் தொழில், பாதியில் விட்ட பட்டப்படிப்பு என்று உங்கள் இலக்கு எதுவானாலும் இவற்றில் பாதிக்கு மேல் உதவும்.

தொடங்கும் முன்

1. இலக்கை எண்ணில் எழுதுங்கள்.
‘கவர்ன்மென்ட் வேலைக்குப் போகணும்’ என்பது ஆசை. ‘200 கேள்வியில் 160-ஆவது சரியாக எழுதணும்’ என்பது இலக்கு. தேர்வின் கணக்கு இதுதான்: 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தகுதி பெற 90 மதிப்பெண் போதும் என்று அறிவிப்பில் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். லட்சக்கணக்கானோர் எழுதுவதால் வேலை கிடைக்கும் மதிப்பெண் அதைவிட வெகு மேலே போய்விடும். உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தினமும் திறக்கும்போது உங்கள் கண்ணில் படும்; வருகிறவர் போகிறவர் கண்ணில் படாது.

2. அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.
2025-இல் அறிவிப்பு வந்தது ஏப்ரல் 25. தேர்வு ஜூலை 12. நடுவில் 78 நாள்கள். அந்த 78 நாளுக்குள் கோடை விடுமுறை, ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள், பள்ளி திறப்பு, புத்தகத்துக்கு அட்டை போடுவது எல்லாம் அடங்கும். அறிவிப்புக்குப் பிறகுதான் புத்தகத்தைத் தொடுவேன் என்றால் முழுசாக ஒரு சுற்றுகூடப் படித்து முடியாது. தேர்வு மாதம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். தேர்வை நடத்தும் ஆணையம் தன் இணையதளத்தில் முன்கூட்டியே வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையைப் பார்த்து, வீட்டுக் காலண்டரில் தேதியை வட்டமிடுங்கள். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வீட்டில் வரப்போகிற விசேஷங்களையும் அதே காலண்டரில் குறியுங்கள். படிப்பின் பெரும்பகுதியை எப்போது முடித்தாக வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

3. ஒரு வாரம் நேரக் கணக்கு எழுதுங்கள்.
பால் கணக்கு எழுதுவதுபோல, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை மணி வாரியாக என்ன செய்தீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். ‘எனக்கு நேரமே இல்லை’ என்பவர்களின் தாளில்கூட மூன்று ஓட்டைகள் தென்படும்: கடைக்குத் திரும்பத் திரும்பப் போவது, போன், ‘என்ன சமைப்பது’ என்று யோசித்தபடி நிற்பது. இந்த மூன்றையும் அடைத்தாலே தினம் ஒன்றரை மணி நேரம்வரை மீளக்கூடும்.

4. விடவேண்டியவற்றுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்.
புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையது ஒன்று போயாக வேண்டும். தேர்வுவரை நிறுத்தி வைக்க வேண்டியவற்றை எழுதிவிடுங்கள்: ஆளுக்கு ஒரு டிபன், வீட்டில் உடுத்தும் துணிக்கும் இஸ்திரி, வாரம் தவறாத ஒட்டடை, இரண்டு சீரியல்களில் ஒன்று. தூக்கத்தை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். நான்கு மணிக்கு எழுந்தால் ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும். தூக்கம் கெட்டுப் படித்தது மனத்தில் நிற்காது.

நேரமும் இடமும்

5. ஒரே நேரம், ஒரே இடம்.
‘நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன்’ என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. அதிகாலை ஐந்து முதல் ஆறரை. அல்லது எல்லாரும் கிளம்பியபின் பத்து முதல் பதினொன்றரை. ஒன்றைத் தேர்ந்துகொண்டு மாற்றாதீர்கள். பத்து மணியைத் தேர்ந்தால், பாத்திரம் சிங்க்கில் கிடந்தாலும் பத்துக்கு உட்கார்ந்துவிட வேண்டும். பாத்திரம் காத்திருக்கும். 2010-இல் வெளியான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வொன்றில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்வரை இருந்தது. மூன்று வாரத்தில் பழகவில்லையே என்று கைவிட வேண்டாம்.

6. படிப்புக்கு ஒரு மூலை.
தனி அறை வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் நல்ல வெளிச்சம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தட்டு போதும். கட்டிலில் படிக்காதீர்கள், பத்தாவது நிமிடத்தில் கண் சொக்கும். அடுப்படி தெரிகிற பக்கம் முகம் வைத்து உட்காராதீர்கள். கழுவாத டம்ளர் ஒன்று போதும், எழுந்துபோக. முந்தைய இரவே புத்தகத்தை மறுநாள் படிக்க வேண்டிய பக்கத்தில் திறந்து, பேனாவும் தண்ணீர் பாட்டிலும் அருகில் வைத்துவிட்டுப் படுங்கள்.

7. இருபத்தைந்து நிமிடத் துண்டுகள்.
நீண்ட நாள் கழித்துப் படிப்பவர்களால் ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாது. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று மூன்று சுற்று போதும். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துக்கொண்டு கண்டுபிடித்த முறை இது. இத்தாலிய மொழியில் தக்காளிக்கான ‘பொமொடோரோ’ என்ற பெயரே முறைக்கும் நிலைத்துவிட்டது. உங்களுக்கும் சாதாரண டைமர் போதும். போன் அலாரம் வேண்டாம். அதை நிறுத்தப் போன கை வாட்ஸ்அப்பைத் திறக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். துணி உலர்த்தத் தொடங்கினால் அது இருபது நிமிடம் ஆகும்.

8. துண்டு நேரத்துக்குத் துண்டு வேலை.
ரேஷன் கடை வரிசை, பஸ் ஸ்டாண்ட், டாக்டர் வீட்டு பெஞ்ச், பிள்ளையின் டியூஷன் வாசல் ஆகிய இடங்களில் புதிய பாடம் ஏறாது. படித்ததைத் திருப்பிப் பார்க்க அவை உகந்த நேரம். கைப்பையில் இருபது கேள்வி அட்டைகள் எப்போதும் இருக்கட்டும் (20-ஆம் குறிப்பைப் பாருங்கள்).

9. போன் அடுத்த அறையில்.
படிக்கும் நேரத்தில் போன் சைலன்டில் இருந்தால் போதாது, கண்ணுக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து அழைப்பு வருமோ என்ற பயம் இருந்தால், அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் தனி ரிங்டோன் வைத்துவிட்டு வெளி ஹாலில் வையுங்கள். படிப்புக்கென்று சேரும் டெலிகிராம் குழுக்கள் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நாளுக்கு நூறு பி.டி.எஃப். வந்து விழும். இறக்கி வைத்ததெல்லாம் படித்ததாக ஆகாது.

அடுப்படி

10. வார மெனு ஃபிரிட்ஜ் கதவில்.
சனிக்கிழமை இரவு பத்து நிமிடம் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் எழுதி ஒட்டிவிடுங்கள். திங்கள் இட்லி, சாம்பார், செவ்வாய் தோசை, அதே சாம்பாரின் மிச்சம், புதன் உப்புமா, வியாழன் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று எளிமையாக இருக்கட்டும். வேலை அதிகமுள்ள கீரை, வாழைப்பூ எல்லாம் ஞாயிறுக்கு. இன்னொரு லாபமும் உண்டு: மெனு எழுதி ஒட்டியிருந்தால், நீங்கள் இல்லாவிட்டாலும் அடுத்தவர் அடுப்பைப் பற்ற வைக்கலாம்.

11. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர முன்வேலை.
மூன்று நாளுக்கு வேண்டிய மாவு அரைத்து, ஒரு நாள் தேவையை மட்டும் புளிக்க வெளியே வைத்துவிட்டு மீதியை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். தேங்காய்த் துருவல் ஃப்ரீசரில். இஞ்சி பூண்டு விழுது கொஞ்சம் உப்பும் எண்ணெயும் சேர்த்து பாட்டிலில். புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றி எடுத்து வைத்தால், வாரம் முழுக்க ரசத்துக்கும் குழம்புக்கும் ஒரு கரண்டி போதும். சின்ன வெங்காயம் உரிப்பதை டி.வி. பார்க்கிறவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். மறுக்க மாட்டார்கள், கை சும்மாதானே இருக்கிறது.

12. இரவே முடிக்க வேண்டியவை.
அதிகாலை நேரம் உங்களுடையதாக வேண்டுமானால் காலை வேலையில் பாதி இரவே நடந்திருக்க வேண்டும். காய் நறுக்கி டப்பாவில், பருப்பு அளந்து குக்கரில், டிகாஷன் ஃபில்டரில், சீருடை, சாக்ஸ், ஐ.டி. கார்டு ஒரே ஹேங்கரில்; டிபன் பாக்ஸ்கள் மூடியோடு மேடையில்; மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். இதைச் செய்யாத நாளில் காலைப் படிப்பு போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

13. ஒரு குக்கர், மூன்று அடுக்கு.
அடியில் பருப்பு, நடுவில் சாதம், மேலே உருளையோ பீட்ரூட்டோ. ஒரே நேரத்தில் மூன்றும் வெந்துவிடும். மதியச் சமையலில் குழம்பைச் சற்றுக் கூடுதலாக வைத்தால் இரவுக்குத் தோசை வார்ப்பதோடு வேலை முடியும். தேர்வுக்கு முந்தைய மாதம் இதற்கு மேல் செய்ய வேண்டியதில்லை.

14. கடைக்கு வாரம் இரண்டே முறை.
தீர்ந்த சாமானை நினைவில் வைத்துக்கொள்வதே ஒரு பாரம். ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு சிலேட்டும் சாக்பீஸும் தொங்கட்டும். கடுகைத் தீர்த்தவர் கடுகு என்று எழுத வேண்டும். புதனும் சனியும் அந்தப் பட்டியலோடு யாராவது ஒருவர் கடைக்குப் போகட்டும். எழுதாத பொருள் அடுத்த முறைதான். இரண்டு வாரம் கண்டிப்பாக இருந்தால் எல்லாரும் தானாக எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

வீட்டார்

15. பொதுவாகச் சொல்லாதீர்கள், வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.
‘நான் படிக்கிறேன், கொஞ்சம் ஒத்தாசையா இருங்க’ என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், எதுவும் மாறாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “அத்தை, காலைல ஆறரை வரைக்கும் நான் உள் ரூம்ல படிப்பேன். பால் வந்தா நீங்க காய்ச்சி வெச்சுடுங்க, காபி நான் வந்து கலக்கறேன்.” “என்னங்க, ஸ்கூல் வேன் ஏத்தி விடறது இனிமே உங்க வேலை.” யார், எதை, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் தெரிந்தால்தான் உதவி நடக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை ‘நீங்க பால் பார்த்துக்கறதாலதான் அத்தை பாடம் ஓடுது’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

16. பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள்.
குரூப் 4-இன் தரமே பத்தாம் வகுப்புதான். உங்கள் பெண் எட்டாம் வகுப்பு என்றால் அவளுடைய சமூக அறிவியல் புத்தகம் உங்களுக்கும் பாடப்புத்தகம். இரவு ஏழு முதல் எட்டுவரை டி.வி. அணைத்துவிட்டு எல்லாரும் ஒரே மேசையில் உட்காருங்கள். அவள் உங்களைக் கேள்வி கேட்கட்டும், நீங்கள் அவளைக் கேளுங்கள். அம்மா தப்பாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷமே தனி. அந்தப் பதில் பிறகு உங்களுக்கு மறக்கவே மறக்காது.

17. பத்திரிகை வந்த அன்றே முடிவு.
கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதையும் அடியோடு தவிர்க்க முடியாது. அழைப்பிதழ் வந்த அன்றே மூன்றில் ஒன்று என்று தீர்மானியுங்கள்: நான் போயே ஆக வேண்டியது, வீட்டில் வேறொருவர் போனால் போதுமானது, மொய்யை அனுப்பிவிட்டுப் போனில் வாழ்த்துச் சொல்லலாம் என்பது. ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டால் கடைசியில் எல்லாவற்றுக்கும் போவீர்கள்.

18. துணைக்கு ஒருத்தி.
இதே தேர்வுக்குப் படிக்கும் ஒருவரைத் தெருவிலோ உறவிலோ தேடிப் பிடியுங்கள். தினம் இரவு எட்டே முக்காலுக்குப் பத்து நிமிடம் போன்: ஆளுக்கு ஐந்து கேள்வி. மாமியார் கதையும் நாத்தனார் கதையும் ஞாயிறு மட்டும்.

படிப்பு

19. முதலில் பள்ளிப் புத்தகம், அதிலும் முதலில் தமிழ்.
பெரிய கைடுகளுக்கு முன் ஆறு முதல் பத்துவரையிலான பாடநூல்களை முடியுங்கள். பள்ளி முடிந்ததும் அக்கம் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் பழைய புத்தகம் இலவசமாகவே கிடைக்கும். பாடநூல் கழக இணையதளத்திலும் இறக்கிக்கொள்ளலாம். தமிழுக்கு 100 கேள்வி, அதாவது மொத்தத்தில் பாதி. அதில் 150-க்கு 60 வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பலரும் ‘தமிழ்தானே’ என்று கடைசிக்குத் தள்ளுகிறார்கள். மதிப்பெண்ணைச் சீக்கிரம் ஏற்றிக்கொள்ள உகந்த பகுதியும் அதுதான். ஒன்றரை மணி நேரத்தில் பாதியைத் தமிழுக்குக் கொடுங்கள்.

20. ஸ்வீட் பாக்ஸில் கேள்வி அட்டை.
ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, முடிவை 1885-இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துவிடுகிறது, திரும்பத் திரும்பப் பார்த்தால் மறதி குறைகிறது என்று கண்டார். இதற்குப் பெட்டி முறையை 1972-இல் தன் நூலில் எழுதிப் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர். நம் வீட்டில் அதற்கு ஒரு காலி ஸ்வீட் பாக்ஸும் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் போதும். பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒருபுறம் கேள்வி: ‘சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய நாள்?’ மறுபுறம் விடை: ‘14.1.1969’. பெட்டியை அட்டை வைத்து மூன்றாகத் தடுங்கள். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். தெரிந்ததையே படித்துக்கொண்டிருக்கும் வீண்வேலை இதனால் குறையும்.

21. கணக்கை வீட்டிலிருந்தே பழகுங்கள்.
கணக்குக்கு 25 கேள்விதான், ஆனால் பயத்தில் பலர் தொடுவதே இல்லை. நீங்கள் தினமும் போடுகிற கணக்குதான் அதில் பாதி. நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டிக்கு 40,000 ரூபாய் கடன் வாங்கினால், எட்டு மாதத்துக்கு வட்டி 3,200. அதுதான் தனிவட்டி. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று. மொத்தம் பத்து டம்ளர் போட வேண்டுமானால் அரிசி எட்டு, உளுந்து இரண்டு. அது விகிதம். மூன்று நாளுக்கு ஒருமுறை மாவு அரைத்து, நான்கு நாளுக்கு ஒருமுறை காய் வாங்கினால், இரண்டும் ஒரே நாளில் வருவது 12 நாளுக்கு ஒருமுறை. அது மீச்சிறு பொது மடங்கு. தினம் ஐந்து கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல், கையால் போடுங்கள்.

22. மாதம் இருமுறை மாதிரித் தேர்வு.
பழைய வினாத்தாள்கள் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை, தேர்வு நேரத்திலேயே, கருப்பு பால்பாயின்ட் பேனாவால் விடைத்தாள் நகலில் நிரப்பிப் பழகுங்கள். படித்துத் தெரிந்தவர்கள்கூட 200 வட்டத்தைக் கருப்பாக்க ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அன்று மதியச் சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு என்று முன்பே சொல்லிவையுங்கள். திருத்தியபின் தப்பான கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசி வாரம் அந்த நோட்டு ஒன்றே போதும்.

23. தவறிய நாளுக்கும் ஒரு திட்டம்.
பிள்ளைக்குக் காய்ச்சல், மாதவிலக்கு வலி, சொல்லாமல் வந்த விருந்து எல்லாம் வரத்தான் செய்யும். அந்த நாளுக்கான குறைந்த அளவு என்ன என்று இப்போதே முடிவு செய்யுங்கள்: பத்து அட்டை. அவ்வளவுதான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுநாள் இரண்டு மடங்கு படிக்க உட்காராதீர்கள், அன்றைய பாடமும் கெடும். அடுத்தடுத்து இரண்டு நாள் விடக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் விடாமல் பிடியுங்கள்.

காகிதமும் காசும்

24. எல்லாச் சான்றும் ஒரே ஃபைலில்.
மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், கையெழுத்து ஸ்கேன். பள்ளிச் சான்றில் ‘கே. லதா’ என்றும், ஆதாரில் கணவர் பெயரோடும் இருக்கிறதா? இப்போதே சரிபாருங்கள், கடைசி நேரத்தில் இதற்குத்தான் அலைச்சல் அதிகம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்ததற்கான சான்றைப் பள்ளியில் வாங்க வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் அத்தனை பள்ளியும் ஏறி இறங்க வேண்டும், அதற்கு நாளாகும். தட்டச்சர் பதவியும் வேண்டுமென்றால் அதற்கான தட்டச்சுச் சான்றிதழ் தேவை. வயது வரம்பு பதவிக்கும் பிரிவுக்கும் ஏற்ப மாறும். ஆதரவற்ற விதவைகளுக்குத் தளர்வு உண்டு. அறிவிப்பில் உங்கள் வரியைத் தேடிப் படியுங்கள்.

25. செலவுக்குத் தனி உறை.
ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அது ஐந்தாண்டு செல்லும். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். நகல், பேனா, பஸ் என்று மாதம் ஒரு சிறு தொகையை உறையில் போட்டு வையுங்கள். ஆயிரக்கணக்கில் கட்டிப் பயிற்சி மையத்தில் சேரும்முன் இலவசமானதைப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்பு நடக்கிறது. மாவட்ட மைய நூலகங்களிலும், சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகங்களிலும் போட்டித் தேர்வு நூல்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. வாரம் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்தால், நம்மைப்போல் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து படிக்கிறவர்களும் கண்ணில் படுவார்கள்.

தேர்வு நாள்

26. முந்தைய நாள் வீட்டை ஒப்படைத்துவிடுங்கள்.
தேர்வு மையத்துக்கு முதல் நாளே ஒருமுறை போய் வழி பார்த்து வாருங்கள். நுழைவுச்சீட்டு, அடையாள அட்டை, இரண்டு கருப்புப் பேனா ஒரே கவரில். காலைத் தேர்வுக்கு 9 மணிக்கு மேல் உள்ளே விடுவதில்லை. ‘பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு வந்தேன்’ என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு அடுப்பைத் தொடாதீர்கள், இட்லியும் மிளகாய்ப்பொடியும் போதும், ஒருவேளை ஓட்டலில் வாங்கினாலும் குடி முழுகாது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. அதனால் யோசித்து ஒன்றைத் தேர்ந்து நிரப்புங்கள். அறவே தெரியாத கேள்வியில் ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது கட்டம் இருக்கிறது. எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுவிட வேண்டாம்.

இருபத்தாறையும் நாளையே தொடங்கினால் நாலாம் நாள் எல்லாம் நின்றுவிடும். இந்த வாரம் மூன்று மட்டும்: 5, 12, 15. நேரத்தைத் தீர்மானியுங்கள், காலை வேலையில் பாதியை முந்தைய இரவே முடியுங்கள், வீட்டாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அது பழகியபின் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதல் முறையிலேயே பட்டியலில் பெயர் வராமல் போகலாம். ஒருமுறைப் பதிவே ஐந்தாண்டுக்குச் செல்கிறது. தீர்மானித்த நேரத்தையும் இடத்தையும் வீட்டில் விட்டுக்கொடுக்காமல் இருந்தால், அடுத்த அறிவிப்பு வரும்போது நீங்கள் பாதி வழியிலிருந்து தொடங்குவீர்கள். ஆகவே தோழியரே, இன்று இரவுச் சாப்பாட்டின்போதே சொல்லிவிடுங்கள்: நாளை முதல் அந்த ஒன்றரை மணி நேரம் என்னுடையது.